பிடித்தது போதாது, எடுக்கவும் காசு

2019 ஆகஸ்டில் முதன்முறையாக விடுமுறைக்குப் பாம்பனுக்கு வந்தபோது, என் மகனுடைய பையில் துணிமணியைவிடக் கனமாக ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அம்மாச்சி ஆசையாகத் திறந்து பார்த்தார். பிஸ்கட் இல்லை, உள்ளே நாற்பது ஐம்பது பிளாஸ்டிக் வட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு விசித்திரப் பிராணி, அதன் பெயர், சில நட்சத்திரங்கள். "என்னடி, பிள்ளைக்கு வெளையாடப் பொம்மை கெடைக்கலியா அங்க?" என்றார். கெடைக்காமல் என்ன. அந்த ஊரில் பொம்மைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த டப்பாவின் கதையைச் சொல்ல நான் 2018-க்குப் போக வேண்டும்.

என் கணவருக்கு டோக்கியோவில் மென்பொருள் வேலை. வீடு எடோகவா வட்டாரத்து நிஷி-கசாயில். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி என்பதால் பருப்புக்கும் கறிவேப்பிலைக்கும் தவிக்கவில்லை. ரயிலடியில் தமிழ் காதில் விழும். அப்படியிருந்தும் முதல் இரண்டு மாதம் எனக்குக் கண் கட்டிய மாதிரிதான் இருந்தது. பேச்சு புரியாததுகூடப் பெரிதில்லை, கையைக் காலை ஆட்டிச் சமாளிக்கலாம். எழுத்து தெரியாததுதான் அவமானமாக இருந்தது. பாம்பன் கரையில் பிறந்தவள் நான். வலையிலிருந்து உதறும்போதே இது நகரை, இது ஊளி, இது சீலா என்று சொல்வேன். செவுளைத் தூக்கிப் பார்த்து எப்போது பிடித்தது என்றும் சொல்வேன். அங்கே கடையில் மீன் தலையில்லாமல், தோலில்லாமல், வெள்ளைத் தட்டில் பிளாஸ்டிக் சுற்றிக் கிடக்கிறது. பெயரைப் படித்தால்தான் மீன். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆக நான் மீனே தெரியாதவள் ஆகிவிட்டேன்.

மகனுக்கு அப்போது ஐந்து வயது. பிள்ளைகள் காப்பகத்தில் வாய் திறக்கவே மாட்டேன் என்கிறான் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்தால் அதற்கும் சேர்த்துப் பேசுவான், அது வேறு.

மளிகை வாங்கும் கடைத்தொகுதியின் மேல்மாடியில் பிள்ளைகளுக்கான விளையாட்டு மூலை ஒன்று இருந்தது. அங்கேதான் அந்த இயந்திரத்தைப் பார்த்தோம். போகிமான் கா-ஒலே. டப்பாவிலிருந்த வட்டெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். 2016 ஜூலையில் ஜப்பானில் வந்த விளையாட்டு. அதற்கு முன்னால் 2012-இலிருந்து ட்ரெட்டா என்று ஒன்று இருந்ததாம், அதன் தம்பி இது. பெரிய திரை, முன்னால் தட்டுவதற்குப் பெரிய பொத்தான்கள், வட்டு வைக்க இடம், காசு போட ஒரு துளை. வரிசையில் ஏழெட்டுப் பிள்ளைகள். சத்தம் காதைப் பிளக்கும்.

ஆட்டம் இப்படி. 100 யென் காசு ஒன்று போட வேண்டும். ஒரு பக்கம் செர்ரிப் பூ போட்ட வெள்ளிநிறக் காசு, அன்றைய கணக்குக்கு நம் பணத்தில் அறுபது ரூபாய்க்கு மேல். காசு விழுந்ததும் திரை கேட்கும்: சண்டை போடுகிறாயா, அல்லது சண்டையில்லாமல் இப்போதே ஒரு வட்டு வேண்டுமா? சண்டை என்றால் உன்னிடம் இருக்கிற வட்டில் இரண்டை உள்ளே வைக்க வேண்டும். அந்த இரண்டும் திரையில் உயிரோடு எழுந்து நிற்கும். எதிரே காட்டுப் பிராணிகள் இரண்டு. சுழல்கிற எண்களைப் பொத்தானை அடித்து நிறுத்த வேண்டும், அதை வைத்துத்தான் அடியின் பலம். அப்புறம் பொத்தானைப் படபடவென்று தட்ட வேண்டும். என் மகன் தட்டுகிற வேகத்தைப் பார்த்தால் கருவாட்டுக்கு ஈ ஓட்டுவது போல இருக்கும்.

வெறும் தட்டல் மட்டும் என்றால் நானே மூன்றாம் நாள் நிறுத்தியிருப்பேன். உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு குணம் உண்டு. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரைக் குடிக்கும். மின்சாரப் பிராணி நீர்ப் பிராணியைப் பதம் பார்த்துவிடும், ஆனால் நிலத்துப் பிராணி மேல் அதன் பாச்சா பலிக்காது. அதனால் ஐந்து நட்சத்திர வட்டு வைத்திருந்தாலும் எதிரே யார் என்று பாராமல் இறக்கினால் அடி வாங்க வேண்டியதுதான். ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் என்று சாதாரண வட்டுகளை வைத்துக்கொண்டு ஜெயிக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

எதிரி விழுந்ததும் பந்து சுழலும். சாதாரணப் பந்து, சூப்பர் பந்து, ஹைப்பர் பந்து, மாஸ்டர் பந்து. பொத்தானை அடித்து நிறுத்தும் இடத்தைப் பொறுத்துப் பந்து. மாஸ்டர் கிடைத்தால் பிராணி தப்பாது. சாதாரணப் பந்து என்றால் உள்ளே போய் ஆடி ஆடி, சமயத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சரி, பிடித்தாயிற்று. பிள்ளை குதிக்கிறான். இந்த இடத்தில்தான் இயந்திரம் தன் புத்தியைக் காட்டும். பிடித்ததை வட்டாகக் கையில் எடுக்க வேண்டுமென்றால் இன்னொரு 100 யென் போடு என்கும். போடாவிட்டால் பிடித்த கதை திரையோடு போயிற்று.

முதல் தடவை இது எனக்குப் புரியவில்லை. பிடித்துவிட்டானே, வட்டு எங்கே என்று இயந்திரத்துக்குக் கீழே குனிந்து தேடினேன். பின்னால் நின்ற பிள்ளை ஒன்று விரலை உயர்த்தி "ஹியாக்கு-என்" என்றது. 100 யென். அந்த ஊரில் நான் கற்ற முதல் எண் அது.

வாரத்துக்கு மூன்று காசு என்று வீட்டில் சட்டம் போட்டோம். மூன்று என்பது விவகாரமான எண். ஒன்று ஆட, ஒன்று எடுக்க, மீதி ஒன்று. அதில் ஆடினால் பிடிக்கலாம், எடுக்க முடியாது. சில வாரம் அவன் அந்த மூன்றாவது காசில் ஆடி, நல்ல பிராணியாக மாட்டி, விட்டுவிட்டு வரும்போது வழியெல்லாம் அழுவான். சில வாரம் மூன்றாவதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு நான்கு காசோடு வருவான். காசை மிச்சம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன் என்று நான் பெருமை பேச முடியாது. இயந்திரம் அழவைத்துச் சொல்லிக் கொடுத்தது.

ஒரு தப்பும் நடந்தது. ஒருநாள் அவன் ஆடி முடித்ததும் நான் அவசரமாக அடுத்த காசை எடுத்துப் போட்டு, திரும்பவும் அவனையே ஆட வைத்தேன். சந்தைக்கு ஓட வேண்டும், அரிசி வாங்க வேண்டும் என்ற அவசரம். பின்னால் நின்றவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம்கூட மாறவில்லை. ஆனால் அந்த மௌனம் முதுகில் சுட்டது. பேரனோடு நின்ற ஒரு பாட்டி மெதுவாக "ஜுன்பான்" என்று பேரனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். முறை, வரிசை என்று அர்த்தமாம். யாராவது காத்திருந்தால் ஓர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். எடுக்கிற காசு அந்த ஆட்டத்தோடு சேர்ந்தது, அடுத்த ஆட்டத்துக்கான காசு சேராது. அடுத்த ஞாயிறு அதே பாட்டி இருந்தார். நான் "சுமிமாசென்", மன்னியுங்கள், என்றேன். எதற்கென்று புரிந்ததோ என்னவோ, அவரும் தலை குனிந்தார், நானும் குனிந்தேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டே இருந்தோம்.

ஜப்பானிய எழுத்துவகைகளில் ஒன்று கத்தகானா. அந்தப் பாட்டிதான் எனக்கு அதற்கு வாத்தியார். பிராணிகளின் பெயரெல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கும். வரிசையில் நிற்கும்போது பேரனின் வட்டில் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார். முதலில் படித்தது போ-கெ-மோ-ன், நான்கே எழுத்து. 'ஹோ'வின் தோளில் குட்டி வட்டம் ஒன்று வைத்தால் அது 'போ' ஆகிவிடுகிறது. நம் புள்ளி உயிரை எடுத்துவிடும், அவர்கள் வட்டம் 'ஹ'வைப் 'ப' ஆக்குகிறது. பி-கா-சூ-வில் ஒரு 'யூ' குள்ளமாக எழுதப்பட்டு முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கியாரடோஸ் என்ற கடல் நாகத்திலும் அப்படி ஒரு குள்ள 'யா'. 'ஷி'யும் 'ட்சு'வும், 'சோ'வும் 'ன்'னும்தான் உயிரை வாங்கின. கோடு சாய்கிற திசையில் மட்டும் வித்தியாசம். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து நம் ரகரத்தையும் துணைக்காலையும் பார்த்தால் இப்படித்தான் திட்டுவார்கள் போலிருக்கிறது.

இரண்டு மாதத்தில் கடையில் தட்டுகளைப் படிக்க ஆரம்பித்தேன். சா-மோ-ன். சாமன் மீன்! ஒரு மீனின் பெயரைப் படித்ததற்காக நடுக்கடையில் கண் கலங்கியவள் நானாகத்தான் இருப்பேன். மகன் காப்பகத்தில் பேசிய முதல் சொல்லும் வீட்டுச் சொல் இல்லை. யாரோ அவன் முறையில் புகுந்தபோது "ஜுன்பான்!" என்று கத்தியிருக்கிறான். ஆசிரியை அதை நல்ல செய்தியாக என்னிடம் சொன்னார்.

இனி அந்த 2019 பாம்பன் விடுமுறைக்கு வருகிறேன். டப்பாவைத் திறந்ததும் தெருப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். வட்டு இருக்கிறது, இயந்திரம் இல்லை. அரை மணி நேரத்தில் அண்ணன் மகள் வழி கண்டுபிடித்தாள். முறைப்படி அவள் இவனுக்கு மதினி, ஆனால் அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். தாத்தாவின் பழைய தெர்மாகோல் மீன்பெட்டியைக் கவிழ்த்து, கத்தியால் காசு போட ஒரு கீறல், வட்டு வர ஓர் ஓட்டை. பெட்டிக்குப் பின்னால் அவளே உட்கார்ந்து இயந்திரமானாள். யென்னுக்குப் பதில் சோழி. பந்து சுழல்வதற்குப் பதில் மூடியைச் சுண்டிவிடுவது. எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பந்து.

ஜப்பான் வட்டை இவன் தரமாட்டான் என்பதால், அட்டையில் ஊர்ப் பிராணிகளை வரைந்தார்கள். அது இன்னும் நன்றாக இருந்தது. திருக்கைக்கு வாலில் முள், நான்கு நட்சத்திரம். பேத்தை ஊதிக்கொண்டால் ஓர் அடி படாது. கணவாய் மை விட்டால் எதிராளிக்கு ஒரு முறை போச்சு. சொறி என்கிற ஜெல்லிமீன் தொட்டவனுக்கே அரிப்பு. ஐந்து நட்சத்திரம் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கும் கடல் அட்டைக்கும் கடல்குதிரைக்கும். ஆனால் அங்கே ஒரு வில்லங்கம் வைத்தாள். "அதப் புடிச்சா கேஸு. ஃபாரஸ்ட்டுக்காரங்க வந்துருவாங்க. உன் சோழி அம்புட்டும் ஜப்தி." கடல் அட்டை 2001-இலிருந்து தடையில் இருப்பது இந்தக் கரையில் பிள்ளைக்கும் தெரியும். டோக்கியோ இயந்திரத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. அங்கே அரிதாக இருக்க இருக்க ஆசை கூடும். இங்கே அரிதாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிட வேண்டும். என் மகனுக்கு அது புரிய ஒரு நாள் ஆயிற்று.

அன்று விசைப்படகுகளின் முறை. வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, மீதி நாள் நாட்டுப்படகுக்கு என்று இந்தப் பக்கத்துப் பாக் நீரிணையில் பிரித்து வைத்திருக்கிறார்கள். வள்ளம் இறங்காத நாள் என்பதால் அப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் அவருக்கு விதிகளை விளக்கினான். மின்சாரப் பிராணி நிலத்துப் பிராணியை ஒன்றும் செய்ய முடியாது என்றதும் அப்பா நிமிரவேயில்லை. "கரண்டு தண்ணியில பாயும், மண்ணுல எறங்கிரும். எர்த்து. இதுல என்னடா அதிசயம்?" என்றார். கடலையே முறை வைத்து ஓட்டுகிற ஊரில் ஜுன்பானுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிடித்த பிறகு எடுக்க இன்னொரு காசு என்றதும்தான் வலையைக் கீழே வைத்தார்.

"புடிச்சதுக்கு மறுபடியும் காசா?"

"ஆமா தாத்தா."

"நீயே வலை, நீயே வேர்வை, புடிச்சதும் நீ. அப்புறமும் அவனுக்குக் காசா?" கொஞ்சம் யோசித்தார். "ஏலக்காரன் கமிசன் மாதிரில இருக்கு. அப்ப சரிதான். எங்க போனாலும் அவன் இருக்கான்."

மூன்றாம் நாள் ஐஸ் வண்டிக்காரர் வந்தபோது தெருப்பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு "ஜுன்பான்டா, ஜுன்பான்!" என்று கத்தியதை என் காதால் கேட்டேன். வரிசை ஒன்றும் வரவில்லை. சொல் மட்டும் வந்தது.

டோக்கியோ திரும்பி ஓராண்டில், 2020 செப்டம்பரில், அந்த இடத்தில் மெசாஸ்டார் என்ற புது இயந்திரம் வந்தது. அதற்கு வேறு வடிவத் தகடுகள், பழைய வட்டுக்கு அதில் வேலை இல்லை. தொற்றுக்காலம், வரிசையும் இல்லை, பாட்டியையும் காணவில்லை. மகன் புதியதில் ஒரு முறை ஆடிப் பார்த்தான், எடுக்கும் காசைப் போடாமல் எழுந்து வந்தான். டப்பா அலமாரிக்குப் போனது. பழைய விளையாட்டுப் பொருள் வாங்கும் கடையில் அரிய வட்டுகளுக்கு விலை இருக்கிறது என்று கணவர் சொன்னார். அவன் விற்கச் சம்மதிக்கவில்லை, எடுத்து ஆடவும் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போன் பேசும்போது அவனாகவே அந்தப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டான். அண்ணன் மகள் சிரித்தாள்.

"அத தாத்தா நண்டு போட எடுத்துட்டுப் போயிட்டாரு. நீ காசு போடுற ஓட்டைய டேப்பு வச்சு ஒட்டியிருக்காரு, ஐஸ் உருகி ஒழுகுதாம்."