கிளாரிந்தா காத்திருந்த காலம்

தங்கச்சிக்கு இன்னும் வரன் அமையல. ஆலயத்துக்குப் போனா, “ஏதும் தகைஞ்சுதா?”ன்னு கேக்காம யாரும் விடுறதில்ல. அன்புலதான் கேக்காங்க. ஆனா அவ முகம் வாடிருது.

பாளையங்கோட்டையில பாப்பாத்தியம்மாள் கோயில்னு சொல்ற கிறிஸ்தவ ஆலயத்தைக் கட்டுன கிளாரிந்தாவை இப்ப அடிக்கடி நெனைக்கேன். முதல்ல அவங்க ஞானஸ்நானம் கேட்டப்போ மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துட்டார். கல்யாணம் இல்லாம ஒரு ஆங்கிலேய அதிகாரியோட வாழ்ந்ததுதான் காரணம். அதுக்குப் பெறகு எத்தனையோ பேர் கோவிச்சுக்கிட்டு விலகியிருப்பாங்க. அவங்க விலகல. 1778ல அதே சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ல சபைப் பதிவேட்டுல 40 பேர். 1785ல ஆலயப் பிரதிஷ்டை.

எனக்கு மனசுல நிக்கது, மறுத்ததுக்கும் ஞானஸ்நானத்துக்கும் நடுவுல உள்ள அந்த வருஷங்கதான். சபையில பேரு இல்ல, இருந்தும் ஆண்டவரை விடல.

தங்கச்சியும் அப்படித்தான். எவ்வளவு மனபாரம் இருந்தாலும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போயிருவா. ஆண்டவர் பிந்திட்டார்னு நான் நம்பல. ஊர் வாய்க்குப் பயந்து எதையாவது பேசி முடிச்சிரக் கூடாதுன்னு வீட்ல எல்லாரும் ஒரே மனசா இருக்கோம்.

அவளுக்காக ஜெபிச்சுக்கிடுங்க. பாக்கும்போது கேள்வி மட்டும் வேண்டாம்.