எதற்கென்று தெரியாமலே தொடரும் வயிற்று மாத்திரை

மருத்துவமனையில் காய்ச்சலுக்குச் சேர்ந்தவருக்கும் வயிற்று அமிலத்தை அடக்கும் பான்டோப்ரசோல், கால் முறிந்தவருக்கும் பான்டோப்ரசோல். கேட்டால், "ஆன்டிபயாடிக் போகுதே, வயிறு புண்ணாகிடக் கூடாதுல்ல" என்பார்கள். ஆன்டிபயாடிக் கொடுப்பது மட்டுமே அமிலத்தை அடக்கக் காரணம் ஆகாது.

தேவைப்படுபவர்கள் உண்டு. இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பவர்கள், ஆஸ்பிரினோடு வேறு வலி மாத்திரையும் எடுக்கும் முதியவர்கள். இவர்களுக்கு நிறுத்தினால்தான் ஆபத்து.

மற்றவர்கள் கதை வேறு. உணவோடு வரும் கிருமிகளை வாசலிலேயே மடக்கும் காவலாள் வயிற்று அமிலம். அதை அடக்கிவைத்தவர்களிடம் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு அதிகம் காணப்படுகிறது. ஆன்டிபயாடிக் ஓடும்போதே அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம், இதில் இது வேறு! மாத்திரை வருடக்கணக்கில் நீண்டால் உடலில் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம். மெக்னீசியம் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-லேயே எச்சரித்தது.

ஐசியுவில் தொடங்கியது வார்டுக்கு வருகிறது, அங்கிருந்து டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறி வீட்டுக்கும் போகிறது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கோளாறு. மருந்துக்குப் பக்கத்தில் காரணத்தையும் நிறுத்தும் தேதியையும் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்சு எரியலாம். உடனே "மாத்திரை இல்லாம முடியல" என்று மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் அந்த எரிச்சல் அடங்கிவிடும். தானாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறையுங்கள்.