சண்டையை வரையச் சொன்ன பிறகு

மட்டக்களப்பில் சித்திர ஆசிரியையாகப் பணி தொடங்கிய காலத்தில், இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் கைகொடுக்கச் சொல்லி, மன்னிப்புக் கேட்க வைத்து, அத்துடன் பிணக்கு தீர்ந்துவிட்டது என்று நம்பினேன். கைகொடுத்த அதே பிள்ளைகள் அடுத்த இடைவேளையில் மீண்டும் மோதினார்கள். செப்டம்பர் 21, சர்வதேச சமாதான தினத்துக்கு வரையச் சொன்னாலோ எல்லாத் தாள்களிலும் அதே வெள்ளைப் புறா பறந்தது. பெரியவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று அறிந்து பிள்ளைகள் வரைந்து தரும் படம் அது. அவர்களுடைய கோபம் அதில் எங்கும் இருக்கவில்லை.

எங்கள் ஊரிலேயே வேறொரு வழி இருந்தது. 1996ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, கனேடிய ஓவியர் போல் ஹோகன் உள்ளூர் இயேசு சபைக் குருக்களின் துணையுடன் தொடங்கிய, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற சிறுவர் கலை நிலையத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து வர்ணம் தீட்டினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். உபதேசத்துக்கு முன் கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது சண்டையிட்ட இருவரும் நடந்ததைத் தனித்தனித் தாளில் வரைந்து, பின் தாள்களை மாற்றிக்கொள்வார்கள். மற்றவருடைய படத்தில் விடுபட்டதைச் சேர்க்கலாம். எதையும் அழிக்கவோ வெட்டவோ கூடாது. இந்த விதியை முதல் தடவை நான் சொல்லத் தவறியதால், ஒரு மாணவன் மற்றவனுடைய முகத்தைக் கறுப்பு வர்ணத்தால் மூடிவிட்டான். அந்தப் பிள்ளை அழுதது இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

தரம் 7இல் கிரிக்கெட் துடுப்பு ஒன்று உடைந்த வழக்கு வந்தது. துடுப்புக்குச் சொந்தக்காரனின் தாளில் பாதியைத் துடுப்பே அடைத்திருந்தது. கைப்பிடியில் சுற்றிய நீல நாடாவைக்கூடச் சுற்றுச் சுற்றாக வரைந்திருந்தான். மற்றவனுடைய தாளில் மைதானம் நிறையப் பையன்கள், வேலி ஓரத்தில் புள்ளியளவில் ஓர் உருவம்.

"இது ஆருடா?"

"நான்தான்."

துடுப்புக்காரன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேலிக்கு முதுகைக் காட்டி நிற்கும் தன்னை அந்தத் தாளில் தானே வரைந்து சேர்த்தான். துடுப்பு தானாக உடைந்தது என்று அதுவரை சாதித்துவந்தவனோ, மற்றத் தாளில் உடைந்த துடுப்பின் அடியில் ஒரு கல்லை வரைந்தான். நான் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை தொடர்ந்து துன்புறுத்தும்போது இம்முறையை நான் கையாளுவதில்லை. அங்கே இரு தரப்பையும் சமமாக வைப்பதே அநீதி. முதலில் பெரியவர்கள் தலையிட்டு அதை நிறுத்த வேண்டும்.

அந்த இருவரும் நெருங்கிய நண்பர்களாகிவிடவில்லை. உடைந்த துடுப்பைத் தச்சரிடம் கொண்டுபோவது யார், திருத்தி வந்த பின் யார் யார் எந்த வரிசையில் ஆடுவது என்று சித்திரக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்கள். வேலியோரம் நின்றவனின் பெயர் அதில் மூன்றாவதாக இருந்தது.