பெல்ட் இல்லாத பெரியவர்

திருச்சியில் சிங்கப்பூர் விமானத்துக்கான சோதனை வரிசை. எனக்கு முன்னால் வேட்டி கட்டிய ஒரு பெரியவர்.

பெல்ட் கிடையாது. வாட்ச் கிடையாது. பட்டன் போன், கண்ணாடிக் கூடு, சில்லறை எல்லாம் ஏற்கெனவே பைக்குள். பையை ட்ரேயில் வைத்தார், கையை விரித்து நின்றார், போய்விட்டார்.

பக்கத்து வரிசையில் ஒரு தம்பி லேப்டாப்பை உருவி எடுத்துவிட்டு, பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஊறுகாய், நெய் எல்லாம் பெரிய பெட்டியிலயே போட்டாச்சு தம்பி. பேத்தி சொல்லிருச்சு" என்றார் பெரியவர், நான் கேட்காமலே.

விவரமான பேத்தி. இங்கிருந்து வெளிநாடு போகும் விமானத்தில் கைப்பையில் வரும் திரவத்துக்கு 100 மி.லி.தான். அதுவும் பாட்டிலின் அளவுதான் கணக்கு. 200 மி.லி. பாட்டிலின் அடியில் கொஞ்சூண்டு எண்ணெய் இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவார்கள். தயிர், பற்பசைகூட அவர்கள் கணக்கில் திரவம்தான்.

2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்தைக் கொண்டுபோய் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அங்கே ஆரம்பித்த கெடுபிடி இது. எவனோ போட்ட திட்டத்துக்கு இன்றுவரை நம் வீட்டு மாவடு பதில் சொல்கிறது!

பவர் பேங்க் மட்டும் நேர் எதிர். பெரிய பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான். லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் யார் போய் அணைப்பது? இதைத்தான் நிறைய பேர் மாற்றிப் போடுகிறார்கள். அப்புறம் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், அடியில் மடித்து வைத்த துணியெல்லாம் வெளியே வரும்.