நாற்பது அட்டை, ஒரு போன்: யாருக்குப் புரியவில்லை என்று அன்றைக்கே அறிய

“மக்களே, மனசிலாச்சா?” என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே குரலில் “மனசிலாச்சு சார்” என்று பதில் வரும். இந்தப் பதிலால் ஆசிரியருக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. கை தூக்கச் சொன்னால் எப்போதும் தூக்கும் அதே நான்கு பேர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் குமரி மாவட்டம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரும் பெரிய வேலையை நமக்கு முந்தியவர்கள் செய்துவிட்டார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்தும் பாடத்தைக் கோட்டைவிடும் பிள்ளையை அன்றைக்கே கண்டுபிடிப்பது நம் பங்கு. அதற்கு அதிகச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: பிளிக்கர்ஸ் (Plickers) என்னும் செயலி.

பிள்ளைகள் கையில் போன் வேண்டாம், ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்ணிட்ட ஓர் அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன வடிவம், நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த விடை சரியென்று நினைக்கிறதோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் எந்த எண் என்ன விடை சொன்னது என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதுபோல் எளிதில் பார்த்துத் திருப்ப முடியாது. கூச்சப்படும் பிள்ளைக்கு இதில் பெரிய நிம்மதி: தன் விடை தவறென்று வகுப்புக்குத் தெரியாது.

அட்டைகளை பிளிக்கர்ஸ் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 40 அட்டைகள், ஏ4 தாளுக்கு இரண்டு வீதம் 20 தாள், கறுப்பு வெள்ளை அச்சு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அழகுக்காகப் பளபள லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கி, கேமரா வடிவத்தைப் படிக்காது. லேமினேஷன் இல்லாமல் வெறும் தாளாக விட்டால், கடலோர ஈரக்காற்றில் சுருண்டுகொள்ளும்; சுருண்ட அட்டையும் படிக்காது. பழைய காலண்டர் அட்டையில் ஒட்டுவதே நல்லது. வடிவத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டி எறியாதீர்கள், அதை வைத்துத்தான் செயலி விளிம்பைக் கண்டுபிடிக்கிறது. விரல் கறுப்புப் பகுதியை மறைக்கக் கூடாது. பின்பெஞ்சுக்காரர்கள் அட்டையைத் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும். மழை இருட்டில் கரண்டும் போய்விட்டால் நின்ற இடத்திலிருந்து எடுக்க முயலாமல் பெஞ்சுகளுக்கு இடையே நடந்து எடுங்கள்.

வகுப்புப் பட்டியலில் பெயருக்குப் பதில் வருகைப் பதிவேட்டு எண்ணை மட்டும் கொடுங்கள். பிள்ளைகளின் பெயரை வெளிச் செயலியில் ஏற்றத் தேவையில்லை. கேள்வியையும் தமிழில் தட்டச்சு செய்து மெனக்கெட வேண்டாம். செயலியில் ‘கேள்வி 1, விடை பி’ என்று மட்டும் வைத்துக்கொண்டு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.

அட்டையும் போனும் எளிது. கேள்வி தயாரிப்பதுதான் உண்மையான உழைப்பு. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். தசம எண்களையே எடுத்துக்கொள்வோம். ‘0.4, 0.35, 0.125, 0.07, இவற்றில் பெரியது எது?’ பார்க்க நல்ல கேள்விதான். ஆனால் ‘இலக்கம் குறைந்தால் எண் பெரியது’ என்று தவறாக நம்பும் பிள்ளையும் 0.4 என்று சரியான விடையையே சொல்லிவிடும். அதையே ‘0.3, 0.35, 0.125, 0.09’ என்று மாற்றுங்கள். 125 பெரிய எண் என்று முழு எண்போல் படிப்பவர் 0.125-ஐக் காட்டுவார். இலக்கம் குறைவானதே பெரியது என்பவர் 0.3-ஐக் காட்டுவார். சுழியத்தை விட்டுவிட்டு 9-ஐ மட்டும் பார்ப்பவர் 0.09-ஐக் காட்டுவார். இடமதிப்பு தெரிந்தவரே 0.35-க்கு வருவார். விளக்கும்போது ரூபாய் பைசாவில் சொல்ல வேண்டாம், 0.3 ரூபாயை மூன்று பைசா என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு. கிலோ எடையில் சொல்லுங்கள்: 300 கிராம், 350 கிராம், 125 கிராம், 90 கிராம். மீன் சந்தைத் தராசு பார்க்காத பிள்ளை இந்த மாவட்டத்தில் குறைவு.

ஊரறிவும் கேள்வியைக் கெடுக்கலாம். நிலக்காற்று பாடத்தில் ‘விடியற்காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும்?’ என்று முட்டம், குறும்பனை போன்ற மீனவ ஊர்களில் கேட்டால், பாடம் நடத்தாமலேயே பிள்ளைகள் ‘கரையிலிருந்து’ என்பார்கள். அது அவர்கள் வீட்டுத் தொழில். ஆகவே காரணத்தையும் விடைக்குள் வையுங்கள்: ‘நிலத்திலிருந்து, நிலம் கடலைவிடச் சூடாக இருப்பதால்’ என்று ஒன்று, ‘நிலத்திலிருந்து, நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்ந்துவிட்டதால்’ என்று இன்னொன்று. அப்போதுதான் அறிவியல் புரிந்ததா என்று தெரியும்.

கேட்கும் முறைக்கு வருகிறேன். கேள்வியை எழுதியதும் அரை நிமிடம் முழு அமைதி. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடிக்கு மேல் காத்தால் பதில்கள் நீளமாகவும் யோசித்தவையாகவும் வருகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டிவிட்டார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்க வேண்டும். முடிவை உடனே வகுப்புக்குக் காட்டாதீர்கள். எது அதிகம் என்று பார்த்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட கணக்கு இங்கே உதவும். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தையே வேறு விதமாக மறுபடி நடத்த வேண்டும். 70-க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடையில் இருந்தால் வேறு விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். தகரக் கூரையில் ஐப்பசி மழை கொட்டும்போது ஆசிரியர் குரல் பின்பெஞ்சை எட்டாது. இந்த இரண்டு நிமிட வாதம் அப்போதும் நடக்கும்.

இரண்டாம் முறையும் தவறவிட்டவர்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மட்டும் அந்த வாரமே பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பாடப்புத்தகத்தின் கியூஆர் குறியில் உள்ள காணொளியை வகுப்பு முழுவதற்கும் ஓட்டுவதைவிட, இந்த ஐந்தாறு பேருக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுவதில் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. மதிப்பெண் பட்டியலாக இதை மாற்றவே கூடாது. தவறான விடைக்குத் திட்டு விழும் என்று தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அட்டையைத் திருப்புவார்கள், உங்களுக்குக் கிடைப்பது பழைய “மனசிலாச்சு சார்”தான்.

மழை லீவு முடிந்து திரும்பும் முதல் நாளில் புதுப்பாடம் தொடங்காமல் போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று என்று மூன்று பழைய கேள்விகள் கேளுங்கள். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள்; படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம்.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணி பழங்குடியினரின் குடியிருப்புகளை ஒட்டிய பள்ளிகள் போல சிக்னல் நம்ப முடியாத இடங்களில் செயலியை விட்டுவிடுங்கள். ஓர் ஏ4 தாளை நான்காக மடித்து, கட்டத்துக்கு ஒரு நிறமும் எழுத்தும் கொடுத்து, விடைக்குரிய கட்டம் மட்டும் தெரியும்படி நெஞ்சோடு பிடிக்கச் சொன்னால் கண்ணாலேயே எண்ணிவிடலாம். பதிவு தானாகச் சேராது, பக்கத்தில் பார்க்கவும் வாய்ப்புண்டு. ஆனால் கேள்வி நன்றாக இருந்தால் இதுவும் வேலை செய்யும். ஒரு பாடவேளைக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி ஜிப் பையில் வையுங்கள், தொலையும் எண்களை மறுபடி அச்சடிக்க மூலக் கோப்பையும் போனில் சேமித்துவையுங்கள்.