நீதான் இருக்கியேம்மா

பிப்ரவரி 11, 2024
நேற்று ராத்திரி பர்மா டிவியில் ராணுவ ஆட்சிக்காரர்கள் அறிவித்தார்களாம். கரண்ட் இல்லை, காலையில் டீக்கடையில்தான் தெரிந்தது. 2010இல் போட்டுக் கிடப்பில் வைத்திருந்த கட்டாய ராணுவச் சட்டத்தைத் தூசி தட்டிவிட்டார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35. பெண்களுக்கு 18 முதல் 27. எனக்கு 29. தம்பிக்கு 22.

பிப்ரவரி 14
டீக்கடையில் பையன்கள் உட்காரும் மூலை காலி.

பிப்ரவரி 20
மாண்டலே பாஸ்போர்ட் ஆபீஸ் நெரிசலில் நேற்று இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். ரங்கூனில் தாய்லாந்து எம்பசி ஒரு நாளைக்கு 400 டோக்கன்தான் கொடுக்கிறதாம். தம்பியிடம் பாஸ்போர்ட்டே இல்லை. "அப்ப வரிசையில நிக்கிற வேலை மிச்சம்க்கா" என்று சிரிக்கிறான். பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது.

பெண்களை இப்போதைக்கு எடுக்கமாட்டார்களாம். அதற்குள் எதிர்வீட்டில் அவசர அவசரமாகப் பரிசம் போட்டாயிற்று. கல்யாணமான பெண்ணுக்கு விலக்கு.

மார்ச் 6
பத்து வீட்டுத் தலைவர் வந்தார். தண்ணீர்கூட வேண்டாமென்று குடும்பப் பட்டியலைக் கேட்டார். வெளியாள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று பார்க்கும் ராத்திரி விருந்தாளி சோதனைக்கு நீட்டி நீட்டி மடிப்பெல்லாம் கிழிந்த அதே தாள். வெற்றிலைக் கறை படிந்த விரல் அப்பா, அம்மா, நான் என்று இறங்கித் தம்பி பெயரில் நின்றது.

அப்பாவின் காலைக் காட்டினேன். சர்க்கரையில் இரண்டு விரல் எடுத்த கால். வயதான பெற்றோரைப் பார்க்க வேறு ஆள் இல்லாவிட்டால் தள்ளிவைக்கலாம் என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது, சொன்னேன்.

"வேற ஆள் இல்லைங்கிறியே, நீதான் இருக்கியேம்மா."

மார்ச் 7
நீதான் இருக்கியேம்மா.

மார்ச் 19
தையல் ஓடவில்லை. வருஷத்துக்கு 60,000 பேர், ஒரு தடவைக்கு 5,000 என்கிறார்கள். அதில் நம்ம வார்டுக்கு எத்தனை என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள். போகாவிட்டால் மூன்று வருஷம் வரை ஜெயில். அதை மட்டும் கேட்காமலே சொல்கிறார்கள்.

ஏப்ரல் 14
வருஷப் பிறப்பு. தெருவெல்லாம் திஞ்சான் பண்டிகைத் தண்ணீர், ஆனால் ஊற்றுகிறவர்கள் முக்கால்வாசி சின்னப்பிள்ளைகள். அம்மா பாயசம் வைத்தாள். நன்றாகவே இருந்தது.

ஏப்ரல் 24
குலுக்கல். தம்பி பெயர் வரவில்லை. வந்தது அரிசி மண்டிக்காரர் மகன் பெயர்.

ஏப்ரல் 27
மண்டிக்காரர் மகன் போகவில்லை. செங்கல் சூளைத் தெருப் பையன் போகிறான், பணத்துக்கு. பங்குனியில் தீ மிதித்த கால் இன்னும் ஆறவில்லை, செருப்பை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். மண்டிக்காரர் கொடுத்தது போக, அந்தக் குடும்பத்துக்கென்று வீட்டுக்கு வீடு மாசம் பத்தாயிரம் சாட் வசூல். நாங்களும் கொடுத்தோம். ரசீது கிடையாது. அவனுடைய அம்மா என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாள். நான் கூலி வாங்குவதா வேண்டாமா?

மே 2
ஆண்கள் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். தம்பி இன்று சிரிக்கவில்லை. தாய் எல்லைப் பக்கம் யாரோ ஆள் இருப்பதாகச் சொல்கிறான். எல்லைக்குப் போகும் வழியெல்லாம் சண்டை.

மே 9
ரவிக்கையைக் கொடுத்தேன். அவளே கூலியைக் கையில் திணித்துவிட்டாள். புது நோட்டு.

மே 12
அடுத்த குலுக்கலாம்.

அம்மா மறுபடியும் ரங்கூன் வரன் பேச்சை எடுத்தாள். இரண்டாம் தாரம், ஒரு பிள்ளை இருக்கிறது. போன தீபாவளிக்கு இதே பேச்சுக்கு நான் தட்டை வீசியிருக்கிறேன். இன்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள். நான் போய்விட்டால் இந்த வீட்டில் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கத் தம்பி ஒருத்தன்தான்.

நாளைக்குப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரிக்க வேண்டும். என் பெயரைத்தான்.