பாட்டி சொன்ன சிலோன், மகன் சொன்ன சிலோன்

சாதிச் சான்றிதழ் விசாரணை பெரும்பாலும் அரைமணி நேர வேலை. அப்பாவின் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்று, அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வாக்குமூலம், முடிந்தது. நீலகிரியில் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது இந்தக் கணக்குக்குள் அடங்காத வீடுகளுக்கு நிறையப் போயிருக்கிறேன். கோப்பில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. கடைத்தெருவில் சிலோன்காரர்கள்.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, சுமார் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அக்கா அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று ஆன குடும்பங்களுக்குக் கணக்கில்லை. வந்தவர்களில் ஒரு பகுதிக்கு வேலை கொடுக்கத்தான் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன.

இவர்களிடம் பூர்வீக ஊர் எது என்று கேட்டால் பாதிப் பேர் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்று தலைமுறைக்கு முன் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கிளம்பிப் போனவர்கள், பத்திரத்தையா எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்? ஆனால் குலதெய்வம் எது, யாருக்கு முதல் மரியாதை, எந்த வீட்டில் பெண் எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், தடங்கலே இருக்காது. கேள்வியை அந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத விஷயம்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் நடந்த ஒரு விசாரணை இன்னும் நினைவில் நிற்கிறது. கல்லூரியில் சேர இருந்த பேத்திக்குச் சான்றிதழ் வேண்டும். பாட்டி பிஸ்கட் டின்னைத் திறந்து, பாலித்தீன் பையில் சுற்றிவைத்திருந்த பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் எடுத்து வைத்தார். கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட். மடிப்பில் எழுத்து போயிருந்தது. கைக்குழந்தையை ஏந்துவது போலத்தான் என்னிடம் நீட்டினார்.

அப்புறம் கதை. முசிறிப் பக்கத்திலிருந்து கிளம்பிய அவருடைய அப்பா, இலங்கை அரசு நடத்திய மண்டபம் கேம்பில் தங்கிக் கப்பலேறினாராம். மகளான பாட்டி 1976-ல் ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியதும் கொண்டுபோய் வைத்தது அதே மண்டபம் கேம்பில். இடையில் ஹட்டன், பாட்டி வாயில் அட்டன், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு முழு ஆயுள். வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் பேர் கொடுப்பது, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையோடு சண்டை, தேங்காய் ரொட்டி, மாசிச் சம்பல், மாரியம்மன் திருவிழா. “அங்க ஒரு கொறையும் இல்லீங்க ஐயா” என்றார்.

“கொறை இல்லையா?” என்று வாசல்படியில் உட்கார்ந்திருந்த மகன் திரும்பினார். “எழுபத்துமூணு, எழுபத்துநாலுல என்னத்தைத் தின்னோம்னு சாருக்குச் சொல்லும்மா. கெழங்கும் கீரையும்தானே?” அந்த இரண்டு வருடம் இலங்கைத் தோட்டங்களில் பட்டினி, ரேஷன் குறைந்து, தோட்டங்களில் சாவும் விழுந்தது. பாட்டி பதில் சொல்லவில்லை. டின்னை மூடுவதில் மும்முரமானார். அவர் கதையில் அந்த இரண்டு வருடத்துக்கு இடமில்லை. மகனுக்கோ அந்த நாட்டைப் பற்றி நினைவிருப்பதே அது ஒன்றுதான்.

விசாரணைக்குப் போகிறவன் எது உண்மை என்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டுமே உண்மை. இளமையைத் தோட்டத்தில் விட்டுவந்தவருக்கு அதைப் பசியின் பெயரால் எழுதிவைக்க மனம் வரவில்லை. பத்து வயதில் பசித்தவருக்குச் சம்பலின் ருசியைப் பாடிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. குடும்பக் கதை தலைமுறை தலைமுறையாக அப்படியே கைமாறுகிறது என்கிறார்கள். நான் பார்த்தவரை அது கைமாறுவது சண்டையாகத்தான். அந்தப் பேத்திக்கு இரண்டு பேர் சொன்னதும் மனப்பாடம். அப்பா விட்டதைப் பாட்டி பக்கம் திரும்பிக் கேட்டாள், பாட்டி விட்டதை அப்பாவிடம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லியிருந்தால்கூட அவ்வளவு தெரிந்திருக்காது.

குலதெய்வம் மதுரை வீரன். முசிறிப் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப்பெயரைப் பாட்டி சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி, அந்த வட்டத்துக்கு விசாரணைக் கடிதம் போட்டேன். அங்கே கிராம நிர்வாக அலுவலர் கோயில் பங்காளிகளை விசாரித்து உறுதி செய்தார். சான்றிதழ் கிடைத்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். கோயிலைப் பார்க்கப் போகிறாளாம், முசிறிக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். கோயமுத்தூர் போய் திருச்சி வண்டி பிடிக்கச் சொன்னேன். யார் யார் போகிறீர்கள் என்றேன். அப்பாவுக்கு லீவு இல்லையாம். பாட்டியைக் கூப்பிட்டதற்கு வந்த பதிலை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: “முசிறி எனக்கு எதுக்குடி? அட்டனுக்கு டிக்கெட் போடு, இப்பவே கெளம்புறேன்.”